புதுப்பிப்பு: டைவ் கம்ப்யூட்டருக்கு ஒரிஜினல் பேட்டரி கிட்டா, சாதாரணமா?

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன்: டைவ் கம்ப்யூட்டரில் (தண்ணீருக்கடியில் ஆழம், நேரம் காட்டும் கைக்கருவி) பேட்டரி மாற்ற, செல்லும் ஓ-ரிங்கும் சேர்ந்த கம்பெனி கிட் வாங்குவதா, பாதி விலைக்குக் கிடைக்கும் சாதாரண கிட் போதுமா என்று. இரண்டையும் வாங்கிப் பார்த்துவிட்டேன்.

பேட்டரியில் பெரிய வித்தியாசம் இல்லை. என்னுடையதற்கு வேண்டியது சிஆர்2450, 3 வோல்ட் லித்தியம் செல். நல்ல பிராண்டில், காலாவதித் தேதி பார்த்து வாங்கினால் போதும். சிக்கல் ஓ-ரிங்கில்தான், அதாவது பேட்டரி மூடியில் தண்ணீர் புகாமல் அடைக்கும் ரப்பர் வளையத்தில். விலை குறைந்த கிட்டில் வந்தது மயிரிழை மெலிசு. பள்ளத்தில் வைத்தால் லூசாக ஆடியது. வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் போட்டேன். மூடிக்குள் கண்ணாடி ஓரமாகப் பொடிப்பொடியாக நீர்முத்துகள்! வாளியிலேயே இப்படி என்றால், 30 மீட்டரில் நான்கு மடங்கு அழுத்தத்தில் என்ன ஆகியிருக்கும்? நினைத்தாலே பதறுகிறது.

இப்போது ஒரிஜினல் ஓ-ரிங், கடையில் வாங்கிய செல். ஆறு டைவ் ஆயிற்று, உள்ளே சொட்டு ஈரமில்லை. பழைய ஓ-ரிங்கைத் திரும்பப் போடாதீர்கள்; என்னுடையது ஒரு பக்கம் தட்டையாகவே நசுங்கியிருந்தது.

இன்னொன்று: பல மாடல்களில் பேட்டரியைக் கழற்றினால், முந்தைய டைவ்களில் உடம்பில் தங்கிய நைட்ரஜனுக்குக் கருவி வைத்திருக்கும் கணக்கு அழிந்துவிடும்; அடுத்த டைவில் எவ்வளவு நேரம் பாதுகாப்பு என்று அதை வைத்துத்தான் அது கணிக்கும். டைவ் நாட்களுக்கு நடுவில் மாற்றவே வேண்டாம்.