எவர்சில்வர் கிண்ணத்தை எட்டிக்கூடப் பார்க்காத பூனை

கேள்வி (அம்மாப்பேட்டை, சேலம்):
எங்கள் வீட்டுக் கடுவனுக்கு மூன்று வயது, எடை நாலு கிலோ. ட்ரை ஃபுட் மட்டும்தான் சாப்பிடுகிறான். பக்கத்திலேயே எவர்சில்வர் கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் மோந்து பார்த்துவிட்டுப் போய்விடுகிறான். ஆனால் பாத்ரூம் குழாய் சொட்டினால் ஓடிப்போய் நக்குகிறான். சித்திரை வெயிலில் தறி ஓடும் வீடு எப்படி இருக்கும் என்று சேலத்துக்காரர்களுக்குத் தெரியும். ஒரு நாளைக்கு எவ்வளவு குடிக்க வேண்டும்?

பதில் (அஸ்தம்பட்டி):
தம்பி, கிலோவுக்கு 50 மில்லி என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களவனுக்கு 200 மில்லி, சாப்பாட்டில் இருப்பதையும் சேர்த்து. ட்ரை ஃபுட்டில் நூற்றுக்குப் பத்துப் பங்குதான் ஈரம். 50 கிராம் தின்றால் வெறும் 5 மில்லி! 80 கிராம் வெட் ஃபுட் பாக்கெட்டில் 60 மில்லிக்குக் குறையாது. பூனையின் மூதாதை பாலைவனக் காட்டுப்பூனை, அதனால் தாகமே குறைவு. இரையின் ஈரத்திலேயே காலத்தை ஓட்டிய இனம்.

கிண்ணத்தைச் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தள்ளி வையுங்கள். மீசை இடிக்காத அகலமான மண்சட்டி நல்லது. வீட்டில் இரண்டு மூன்று இடத்தில் வைத்து, தினமும் கழுவி மாற்றுங்கள். என் பூனை போர்த் தண்ணீரைத் தொடாது, காவிரித் தண்ணீர்தான் வேண்டும். அவ்வளவு மரியாதை!

ஒன்று மட்டும் கவனம். போன வருடம் என் கடுவன் அடிக்கடி மணல் தட்டில் போய் உட்கார்ந்து கத்தினான். மலச்சிக்கல் என்று நினைத்து ஒரு ராத்திரியை வீணாக்கிவிட்டேன். மூத்திரம் அடைத்திருந்தது. டாக்டர் குழாய் போட்டுத்தான் எடுத்தார். சொட்டும் வராமல் முக்கினால் விடியும்வரை காத்திருக்காதீர்கள்.

பதில் (ஏற்காடு):
இங்கே மலைக்குளிரில் எங்களுடையது இன்னும் மோசம். கோழி வேகவைத்த தண்ணீரை ஆறவைத்துச் சாப்பாட்டில் ஊற்றுகிறேன், கடைசிச் சொட்டுவரை நக்கிவிடும். உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் கூடாது. வெங்காயமும் பூண்டும் பூனைக்கு விஷம். தண்ணீருக்குப் பதிலாகப் பால் வைக்காதீர்கள், பல பூனைகளுக்கு வயிற்றால் போகும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி அண்ணா, நன்றி அக்கா. பழைய தயிர்ச்சட்டி ஒன்றை வாசல் திண்ணையில் வைத்தேன். நேற்றிலிருந்து மூன்று முறை குடித்திருக்கிறான். பாலை நிறுத்தத்தான் அம்மா இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.