புதுப்பிப்பு: மகனின் 21வது பிறந்தநாள், வீட்டிலேயே நடந்தது

சிங்கப்பூரில் நான்கறை வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் முப்பது பேரை வைத்து மகனின் 21வது பிறந்தநாளை நடத்த முடியுமா, இல்லை புளோக்கின் கீழ்த்தளத்தை எடுக்கலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. வீட்டிலேயே நடத்தினோம், ரொம்ப நன்றாக நடந்தது.

கீழ்த்தளம் பொது இடம். இரவு 10.30க்கு மேல் அங்கே மது கூடாது, இரைச்சலும் அக்கம்பக்கத்தாரை எழுப்பும். அதனால் வீட்டிலேயே வைத்து, மாலை நாலு மணிக்கு உறவினர்கள், ஏழு மணிக்கு அவன் நண்பர்கள் என்று இரண்டாகப் பிரித்தோம். இந்த யோசனை இங்கே ஒருவர் சொன்னதுதான். சோபாவைப் படுக்கையறைக்குத் தள்ளிப் பாய் விரித்ததும் கூடத்தில் தாராளமாக இடம் கிடைத்தது.

சாப்பாட்டில்தான் அதிகம் யோசித்தேன். தேசிய சேவையில் (இளைஞர்களுக்கான கட்டாயப் பணி) மகனோடு கூட இருந்த மலாய் நண்பர்கள் வருவதால் எல்லாமே ஹலால். பிரியாணியும் சாத்தேயும் (குச்சியில் குத்திச் சுட்ட இறைச்சி) வெளியில் சொல்லிவிட்டோம். அத்தைக்கும் சைவக்காரர்களுக்கும் தனிச் சட்டியில் தக்காளிச் சாதம் நானே செய்தேன். தனிக் கரண்டி போட மறக்காதீர்கள், அது மரியாதை.

கேக் வெட்டும் முன் பாட்டி ஆரத்தி எடுத்தார். சீன நண்பன் ஒருவன் "எனக்கும் எடுங்கள் பாட்டி" என்றான். பாட்டிக்கு அவ்வளவு சந்தோஷம்! வரிசையாக எல்லோருக்கும் எடுத்தார்.

அப்புறம், பக்கத்து வீடுகளுக்கு முதல் நாளே சொல்லி, அன்று பிரியாணியும் கொடுத்தோம். பத்து மணிக்குப் பாட்டை நிறுத்தினோம், யாரும் குறை சொல்லவில்லை.