முதியோர் மதிய உணவு: குழைத்த சாதம் வீடு போய்ச் சேர்வதற்குள் இறுகிவிடுகிறது

வணக்கம். குடியாத்தத்தில் மகளிர் குழுவாகச் சேர்ந்து, தனியாக வசிக்கும் முதியவர்களுக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறோம். பல் இல்லாதவர்களுக்கும் விழுங்கச் சிரமப்படுபவர்களுக்கும் குழைத்த பருப்பு சாதம். சிக்கல் அதில்தான். குக்கரிலிருந்து எடுக்கும்போது கூழ் மாதிரி இருக்கிறது. கடைசி வீட்டில் மூடியைத் திறந்தால் மேலே ஆடை கட்டி, கரண்டியைக் குத்தினால் அப்படியே நிற்கிறது. தொண்டையில் அடைத்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

பழைய பொன்னி பச்சரிசி 1 பங்கு, பாசிப்பருப்பு கால் பங்கு, தண்ணீர் 5 பங்கு, 6 விசில். 11 மணிக்கு எவர்சில்வர் டப்பாவில் போட்டு, தெர்மாகோல் பெட்டியில் அடுக்கி வண்டி கிளம்பும். நெல்லூர்பேட்டை முடித்து பிச்சனூர் கடைசி வீட்டுக்குப் போக 1 மணி.

தண்ணீரை 7 பங்காக்கினோம்: நீர் மேலே பிரிந்து நின்றது, அடியில் சாதம் இறுகல்தான். அந்தத் தண்ணி சிலருக்குப் புரையேறுகிறது, அது இன்னும் மோசம். நெய் விட்டால் ஆடை கட்டவில்லை, இறுக்கம் குறையவில்லை. அங்கே போய் வெந்நீர் ஊற்றினால் கட்டி கட்டியாக நிற்கிறது. ஆறினால் மாவுச்சத்து இறுகும், 60 டிகிரிக்குக் கீழே வெகுநேரம் இருந்தால் கெடவும் செய்யும், தெரியும். ஆனால் ஆளுக்கொரு ஹாட்பாக்ஸ் கட்டுப்படியாகாது. மாதம் 1,200 ரூபாய் உதவித்தொகையில் இருப்பவர்களிடம் விலை ஏற்றவும் முடியாது.

மொத்தமாகச் சமைத்துப் பழகியவர்கள் சொல்லுங்கள்: இரண்டு மணி நேரம் இறுகாமலும் நீர் பிரியாமலும் இருக்க எந்த அரிசியை எத்தனை பங்கு தண்ணீரில் வைக்க வேண்டும்?