மறு: கைடு ஸ்டார் – 'வழிகாட்டி விண்மீன்' போதுமா?

எல்லாருக்கும் வணக்கம்.

தொலைநோக்கி ஆடாமல் நிற்பதற்காகப் பார்த்துக்கொண்டிருக்கும் விண்மீனை ஆங்கிலத்தில் கைடு ஸ்டார் என்கிறார்கள். அதற்குத் தமிழ்க் கலைச்சொல் தேடும் இந்த இழையை இதுவரை வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். கைடு ஸ்டார் என்றால் வழிகாட்டி விண்மீன், இதில் பேச என்ன இருக்கிறது, பட்டியலில் ஏற்றிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போகலாம் என்கிற தொனி வந்துவிட்டதால் எழுதுகிறேன். என் பரிந்துரை 'பிடிமான விண்மீன்'. கூட்டுச்சொற்களில் 'பிடி' என்று மட்டும் வந்தால் போதும். கொஞ்சம் நீளமாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி ஒரு நாளில் என்னென்ன செய்கிறது என்று பார்க்காமல் இந்தச் சொல்லில் முடிவுக்கு வர முடியாது.

> வழிகாட்டி விண்மீன் என்றால் பள்ளிப்பிள்ளைக்கும் புரியுமே.

புரியும், தப்பாகப் புரியும். வழிகாட்டும் மீன் என்றதும் நமக்குக் கடலோடிகளும் துருவ விண்மீனும்தான் நினைவுக்கு வருகிறார்கள். அதைப் பார்த்துத் திசை அறிந்து எங்கேயோ போய்ச் சேருகிறார்கள். ஹபிளுக்குப் போய்ச் சேர வேண்டிய ஊர் எதுவும் கிடையாது. தன்னைத் தானே தள்ளிக்கொள்ள அதில் எஞ்சினே இல்லை. 1990 ஏப்ரலில் டிஸ்கவரி விண்ணோடம் கொண்டுபோய் விட்டது, பின்னால் பழுது பார்க்கப் போன விண்ணோடங்கள் சில முறை கொஞ்சம் மேலே தூக்கி விட்டன, மற்றபடி பூமியின் ஈர்ப்பு இழுத்த இழுப்பில் 95 நிமிடத்துக்கு ஒரு சுற்று, நாளைக்கு 15 சுற்று. அதற்குப் பாடு எல்லாம் ஓர் இடத்தைப் பார்த்தபடி அசையாமல் இருப்பதில்தான்.

எவ்வளவு அசையாமல்? 0.007 விகலைக்குள். ஒரு பாகையில் (டிகிரியில்) 3600 விகலை. கணக்குப் போட்டுப் பார்த்தேன்: 300 கி.மீ. தொலைவில் ஒரு சென்டிமீட்டர் எவ்வளவு கோணமோ கிட்டத்தட்ட அவ்வளவு. அதற்குள் ஆட்டத்தை அடக்கி மணிக்கணக்கில் நிற்க வேண்டும், அதுவும் மணிக்கு ஏறக்குறைய 27,000 கி.மீ. வேகத்தில் ஓடிக்கொண்டே.

சரி, ஒரு சுற்றில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். முந்தைய இலக்கிலிருந்து புதிய இலக்குக்குத் தொலைநோக்கி திரும்ப வேண்டும் (ஸ்லூ என்கிறார்கள், அதற்குத் 'திருப்பம்' என்றே வைத்துக்கொள்ளலாம், சண்டை போட அதில் ஒன்றும் இல்லை). உள்ளே இருக்கும் கனமான சக்கரங்களின் சுழற்சியைக் கூட்டிக் குறைத்தால், அதற்கு எதிர்ப்பக்கமாகத் தொலைநோக்கியின் உடல் திரும்பும். கடிகாரத்தின் நிமிட முள் வேகம்தான். 90 பாகை திரும்பக் கால் மணி நேரம். திரும்பி முடித்ததும் ஓரளவுக்குச் சரியான திசையில் நிற்கும், அந்த 'ஓரளவு' படம் எடுக்கப் போதாது. அங்கேதான் நம் சொல் வேலைக்கு வருகிறது.

ஹபிளில் நுண்வழி உணரிகள் (ஃபைன் கைடன்ஸ் சென்சார், விண்மீனைப் பார்த்துத் தொலைநோக்கியின் ஆட்டத்தை அளப்பவை) மூன்று உண்டு. (அவற்றின் பார்வைப் பரப்பு வளைந்த கீற்றாக இருப்பதால் பொறியாளர்கள் அதைப் 'பிக்கிள்' என்பார்கள். அவர்கள் சொல்வது வெள்ளரிக்காயை. தயவுசெய்து யாரும் ஊறுகாய் என்று பட்டியலில் ஏற்றிவிடாதீர்கள்.) மூன்றில் இரண்டு உணரிகள், இலக்குக்கு அக்கம்பக்கத்தில் இருக்கும், முன்கூட்டியே தேர்ந்தெடுத்த இரண்டு விண்மீன்களைத் தேடத் தொடங்கும். ஒவ்வோர் உணரியும் தன் பரப்பு முழுவதையும் ஒரே நேரத்தில் பார்ப்பதில்லை. 5 விகலைக்கு 5 விகலை சதுரம் ஒன்றுதான் அதன் கண். அந்தச் சின்னக் கண்ணை, மீன் இருக்கும் என்று கணக்குச் சொல்லும் இடத்தில் வைத்து, அங்கிருந்து சுருள் சுருளாக வெளியே நகர்த்தித் தேடுகிறது. எதிர்பார்த்த பிரகாசத்தில் ஒரு புள்ளி அகப்பட்டதும் அதைச் சுற்றிச் சிறு வட்டம் போட்டு நடு எது என்று தோராயமாகக் கண்டுகொள்கிறது. அப்புறம் மீனிலிருந்து வரும் ஒளி அலை எவ்வளவு சாய்ந்து வருகிறது என்பதைக் குறுக்கீட்டு முறையில் (ஒளி அலைகளை ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்கும் முறை) அளந்து பிடியை இறுக்கிக்கொள்கிறது. முதல் மீன் பிடிபட்டால் தொலைநோக்கி மேல் கீழாகவோ பக்கவாட்டிலோ நழுவாது, ஆனால் அந்த மீனையே அச்சாக வைத்துச் சுழலலாம். அதைத் தடுக்கத்தான் இரண்டாவது மீன். எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 6 நிமிடம்.

இதில் எங்கே வழிகாட்டல்? மேலே எழுதியதை ஒருமுறை திரும்பப் படியுங்கள்: அகப்பட்டது, பிடிபட்டது, நழுவாது. நான் வேண்டுமென்றே போட்ட வினைகள் இல்லை, தமிழில் இதை விவரித்தால் தானாக வந்து விழுகிற வினைகள் இவை. ஓடும் பேருந்தில் நிற்பவர் கம்பியைத் தேடுவதற்கு நாம் சொல்லும் பிடிமானம் என்ற சொல்லே இதற்கு அச்சாகப் பொருந்துகிறது.

> ஜைரோ இருக்கும்போது விண்மீன் எதற்கு? ஜைரோதானே நிலைநிறுத்துகிறது?

நல்ல கேள்வி. ஜைரோ (அதற்கான தமிழ்ச்சொல் விவாதம் தனி இழையில் அனல் பறக்கிறது, நான் அந்தப் பக்கம் வரவில்லை) எவ்வளவு திரும்பினோம் என்று சொல்லும். நிமிடத்துக்கு 19,200 முறை சுழலும் சக்கரம் அதற்குள் இருக்கிறது, மிக நுட்பமான கருவிதான், ஆனாலும் அதன் கணக்கு நேரம் போகப்போகக் கொஞ்சம் கொஞ்சமாக விலகும். வானத்தில் இருக்கும் மீன் விலகாது. ஆக, திரும்பும்போது ஜைரோ, திரும்பி நிற்கும்போது மீன். 2009இல் ஆறு புது ஜைரோக்கள் மாட்டினார்கள், ஒவ்வொன்றாகப் போய், 2024 ஜூனில் ஒரே ஜைரோவில் ஓட்டுவது, நன்றாக இருக்கும் மற்றொன்றைக் கையிருப்பாக வைப்பது என்று நாசா முடிவெடுத்தது. அன்றிலிருந்து இந்த மீன்களின் பாடு இன்னும் கூடிவிட்டது. முதலில் பூமியின் காந்தப்புலத்தை அளக்கும் காந்தமானியை வைத்துத் தோராயத் திசை, பிறகு விண்மீன் நோக்கிகளை (திசை அறிய விண்மீன்களைப் பார்க்கும் சிறு கருவிகள்) வைத்துக் கொஞ்சம் நெருக்கம், கடைசியில் நம் பிடிமான மீன்கள், இப்படிப் படிப்படியாகக் கைமாற்றி வர வேண்டியிருக்கிறது. நேரம் கூடுதலாக ஆகிறது. வாரத்துக்கு 85 சுற்று அறிவியலுக்குக் கிடைத்த இடத்தில் 74 என்று கணக்கிட்டார்கள்.

இன்னொன்று. பெரும்பாலான இலக்குகளை ஒவ்வொரு சுற்றிலும் பாதி நேரம் போல பூமி மறைத்துவிடும். மறைத்ததும் பிடி விட்டுப்போகும். பூமி விலகியதும் அதே மீன்களை மறுபடி பிடிக்க வேண்டும். ஹபிளுக்குள் இருக்கும் கணினி இதற்கு ஒரு திருத்தமும் போட வேண்டும், ஹபிளின் ஓட்டத்தாலேயே மீன்களின் தோற்ற இடம் 5 விகலை வரை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடும், அந்தத் திருத்தம் இல்லாவிட்டால் 5 விகலைக் கண்ணுக்கு மீன் தட்டுப்படாமலே போகலாம். ஒரு கலைச்சொல் நாளைக்கு இத்தனை முறை வாக்கியத்தில் வந்துபோகும் என்றால் அது வினையோடு ஒட்டுமா என்று பார்த்தே ஆக வேண்டும். ஒட்டிப் பார்ப்போம்.

இழையின் தொடக்கத்தில் வந்த மாதிரி வாக்கியம்: 'இரண்டாம் வழிகாட்டி விண்மீனைக் கையகப்படுத்துவதில் தோல்வி ஏற்பட்டதன் காரணமாக அவதானிப்பு மேற்கொள்ளப்படவில்லை.' கையகப்படுத்துவது என்றால் எனக்கு நெடுஞ்சாலைக்கு நிலம் எடுப்பதுதான் கண்ணில் நிற்கிறது, நட்டஈடு எவ்வளவு என்று கேட்கத் தோன்றுகிறது. என் வாக்கியம்: 'இரண்டாவது பிடி கிடைக்கவில்லை, ஷட்டர் திறக்கவில்லை.' அவ்வளவுதான் நடந்தது, அவ்வளவுதான் சொல்லவும் வேண்டும். பிடி கிடைக்காமல் போக எளிய காரணங்கள் உண்டு: பட்டியலில் ஒரே மீனாக இருந்தது கிட்டப் பார்த்தால் இரட்டையாக இருக்கும், அல்லது மீனே இல்லாமல் தொலைவில் உள்ள ஒரு விண்மீன் திரளாக இருக்கும். உணரிக்குக் கூர்மையான புள்ளி வேண்டும், அது இல்லாவிட்டால் இறுக்க முடியாது. அப்படி ஒரு சுற்று வீணானால், மனுப்போட்டுக் கடும் போட்டியில் அந்த நேரத்தை வாங்கிய வானியலாளர், மறுபடி தரச்சொல்லி எழுத வேண்டியதுதான்.

குடும்பச் சொற்கள் இப்படி வரும்: தோராயப் பிடி, நுண்பிடி, மறுபிடி, பிடி நழுவல், ஒரு மீனை மட்டும் வைத்து ஒப்பேற்றும்போது ஒற்றைப் பிடி. கடைசியது ஹபிளில் வேறு வழியில்லாதபோது செய்வது. ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியில் அதுவே வழக்கம், அங்கே ஒரு மீனைத்தான் பிடிக்கிறார்கள், சுழலாமல் பார்த்துக்கொள்வது விண்மீன் நோக்கிகளின் வேலை. ஆக ஒரே சொல் இரண்டு இடத்திலும் நிற்கிறது. தரையிலும் நிற்கும். காவலூர் வைனு பாப்பு தொலைநோக்கியின் ஆடி 2.34 மீட்டர், ஹபிளுடையது 2.4, ஏறக்குறைய ஒரே அளவு. தரையில் இருக்கும் எந்தப் பெரிய தொலைநோக்கியும் பூமியின் சுழற்சிக்கு ஈடுகொடுத்து மோட்டாரில் திரும்பிக்கொண்டே இருக்க வேண்டும், அதில் வரும் சிறு பிசகை ஒரு மீனைப் பிடித்து வைத்துத்தான் திருத்துகிறார்கள்.

இழையில் வந்த மற்ற சொற்கள் பற்றி ஒரு வார்த்தை. 'துணைமீன்' வேண்டவே வேண்டாம், இரட்டை விண்மீன்களில் கூட இருப்பதைத் துணை என்று எழுதிப் பழகிவிட்டோம். 'நிலைமீன்' என்றால் மற்ற மீன் எல்லாம் அலைகிறதா என்று கேட்பார்கள். 'கொள்மீன்' அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் கோள்மீன் சங்கப் பாட்டிலேயே இருக்கிறது, அச்சில் ஒரு கொம்பு மாறிப்போனால் கிரகம் விண்மீனாகிவிடும். 'நங்கூர விண்மீன்' எனக்கு இரண்டாவது தேர்வு. அதில் வினை மட்டும் சிக்கல், நங்கூரம் பாய்ச்சலாம், எடுக்கலாம், தேடிக் கிடைக்காமல் போக முடியாது.

> சுருக்கமாகப் பிடிமீன் என்று வைக்கலாமே?

வைக்கலாம், ஆனால் தூத்துக்குடிக்காரர் யாரும் இங்கே இல்லையா? அதற்காகத்தான் முழு வடிவில் 'விண்' என்பதை விடாமல் வைத்தேன். பிடி என்றால் பெண் யானையும்தான் என்று தனிமடலில் எழுதிய நண்பருக்கு: தெரியும், மகிழ்ச்சி.

நாம் இவ்வளவு மெனக்கெடும் அளவுக்கு இந்த மீன்கள் முக்கியமா என்று கேட்டவருக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். ஹபிளை விண்ணில் விடுவதற்கு முன்னாலேயே, அமெரிக்காவின் பாலோமரிலும் ஆஸ்திரேலியாவின் சைடிங் ஸ்பிரிங்கிலும் எடுத்த ஒளிப்படத் தட்டுகளை வருடி (ஸ்கேன் செய்து), ஒன்றரைக் கோடி விண்மீன்கள் கொண்ட பட்டியலைத் தயாரித்தார்கள், இந்த ஒரு வேலைக்காக. 1995 டிசம்பரில் பத்து நாள் ஒரே இடத்தைப் பார்த்து 342 படங்களை எடுத்து, வெறுமையாகத் தெரிந்த இடத்தில் ஏறக்குறைய 3000 விண்மீன் திரள்களைக் காட்டியது ஹபிள். அந்த இடத்தை எப்படித் தேர்ந்தார்கள் தெரியுமா? பெருங்கரடி விண்மீன் குழுவில் மூன்று இடங்கள் இறுதிக்கு வந்தன, மூன்றுமே பூமி மறைக்காத பகுதியில். ஒன்றில் ரேடியோ அலைகளைப் பலமாக வீசும் பொருள் இருந்ததால் தள்ளினார்கள். மிச்சம் இரண்டில் எது என்பதை, பக்கத்தில் எங்கே நல்ல பிடிமான விண்மீன்கள் இருந்தன என்று பார்த்து முடிவு செய்தார்கள். அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் எவ்வளவோ பேர், அதன் ஓரத்துக்கு வெளியே நின்ற அந்த மீன்களை யாரும் கண்டுகொண்டதில்லை.

ஒரு விஷயத்தில் எனக்கு உதவி வேண்டும். அக்விசிஷன் (மீனைத் தேடிப் பிடிப்பது, மேலே 'கையகப்படுத்துவது' என்று வந்தது) என்பதற்கு வினையாகப் 'பிடி கிடைத்தது' நன்றாக ஓடுகிறது, தலைப்பில் போடும்படியான பெயர்ச்சொல் அமையவில்லை. 'பிடியெடுப்பு' எழுதிப் பார்த்தேன், கோயில் மண்ணில் பிடிமண் எடுக்கிற மாதிரி இருக்கிறது. 'பிடிகோள்' என்றால் வானியல் நூலில் கோள் குழப்பும். 'பிடிசேர்ப்பு' ஒரு மாதிரி பரவாயில்லை. இதைவிட நல்லது யாரிடமாவது இருந்தால் இந்த இழையிலேயே எழுதுங்கள், தனிமடல் வேண்டாம், எல்லாரும் பார்த்துத் திட்டட்டும். 'சேஃப் மோட்' (கோளாறு வந்தால் தொலைநோக்கி வேலையை நிறுத்திக்கொள்ளும் பாதுகாப்பு நிலை) என்ற சொல் பற்றி அதற்கான இழையில் பிறகு வருகிறேன்.