நரம்பு வேர் ஊசி: அம்மாவின் தீராத இடுப்பு வலிக்குப் போடலாமா?

கேள்வி:
அம்மாவுக்கு 58 வயது. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். பொங்கலுக்கு முன்பிருந்தே இடுப்பு வலி இருக்கிறது. இப்போது அது இடது பிட்டத்தில் தொடங்கி, தொடையின் வெளிப்புறமாக இறங்கி, கால் பெருவிரல் வரை சுரீரென்று இழுக்கிறது. கீழ்முதுகில் எல்4, எல்5 எலும்புகளுக்கு நடுவிலுள்ள டிஸ்க் (மெத்தை போன்ற தட்டு) பிதுங்கி நரம்பை அழுத்துவதாக எம்ஆர்ஐ அறிக்கை கூறுகிறது. மாத்திரையிலும் பிசியோதெரபியிலும் போதிய பலன் இல்லாததால், நரம்பு வேரில், அதாவது முதுகெலும்பிலிருந்து நரம்பு கிளம்பும் இடத்தில், ஸ்டீராய்டு ஊசி போடலாம் என்கிறார் மருத்துவர். முதுகில் ஊசி என்றதுமே அம்மா பயப்படுகிறார். இதனால் வலி முழுவதும் தீர்ந்துவிடுமா? சர்க்கரை ஏறுமா?

மறுமொழி 1:
நான் வலி சிகிச்சைப் பிரிவில் பணிபுரியும் மயக்கவியல் மருத்துவர். இந்த ஊசி முக்கியமாகக் காலுக்கு இறங்கும் நரம்பு வலிக்கானது. இடுப்பில் மட்டும் நிற்கும் வலிக்கு இதை நம்பிப் போவதை நான் ஆதரிப்பதில்லை. பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2016இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், கடுமையான சயாட்டிகாவுக்கு (காலுக்கு இறங்கும் நரம்பு வலிக்கு) இதைப் பரிசீலிக்கலாம், வெறும் இடுப்பு வலிக்கு முதுகெலும்பு ஊசிகள் வேண்டாம் என்றே சொல்கிறது. அம்மாவின் வலி பெருவிரல் வரை போவது எல்5 நரம்பின் பாதையோடு பொருந்துகிறது.

ஊசி பிதுங்கிய டிஸ்க்கை உள்ளே தள்ளாது. நரம்பைச் சுற்றியுள்ள அழற்சியைத்தான் தணிக்கும். பலன் சிலருக்கு வாரங்கள், சிலருக்கு மாதங்கள் நீடிக்கும், சிலருக்குக் கிடைப்பதேயில்லை. ஆனால் பல பிதுக்கங்கள் காலப்போக்கில் தாமாகவே சுருங்குவதால், அதுவரை நடக்கவும் உடற்பயிற்சி செய்யவும் முடிவதே பெரிய லாபம். பக்கவாதம், பார்வையிழப்பு போன்ற கடும் விளைவுகள் மிக அரிதாக நேரக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2014இல் எச்சரித்திருக்கிறது. எந்த ஸ்டீராய்டைப் போடப்போகிறார்கள் என்று கேளுங்கள். துகள்கள் ரத்தக்குழாயை அடைத்துவிடலாம் என்பதால், துகளற்ற ஸ்டீராய்டான டெக்ஸாமெத்தசோனையே நான் விரும்புவேன்.

சிறுநீர் கழிக்க முடியாமல் போனாலோ, தொடைகளுக்கு இடையே மரத்துப்போனாலோ, பாதம் தொங்கினாலோ, ஊசிக்குக் காத்திராமல் அன்றே அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.

மறுமொழி 2:
நான் இந்த ஊசியைப் போட்டுக்கொண்டவள். வயிற்றுக்கடியில் தலையணை வைத்துக் குப்புறப் படுக்கவைத்து, தோலை மரக்கச் செய்து, சி-ஆர்ம் எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி ஊசியைச் செலுத்தினார்கள். மருந்து இறங்கியபோது பழைய வலி அப்படியே காலில் ஒரு கணம் ஓடியது. முன்பே சொல்லியிருந்ததால் பதறவில்லை. அம்மாவிடமும் இதைச் சொல்லிவையுங்கள். மரப்பு மருந்தால் அன்று குறைந்த வலி இரவில் திரும்பியது; ஸ்டீராய்டு வேலைசெய்யச் சில நாட்கள் ஆயின.

கேட்டவர்:
மிக்க நன்றி. சர்க்கரை விஷயம்?

மறுமொழி 1:
சில நாட்களுக்கு ஏறும். வீட்டிலேயே குளுக்கோமீட்டரில் அடிக்கடி பாருங்கள். ஊசிக்கு முன்பே சர்க்கரை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார் என்றால், அதை நீங்களாக நிறுத்தாமல் இதய மருத்துவரைக் கேட்டே முடிவுசெய்யுங்கள்.