பத்துத்தூண் சந்தில் நிற்கும் அரண்மனை

மதுரை திருமலை நாயக்கர் மகால் என்னும் அரண்மனையைப் பற்றி எழுதும் நண்பர்கள் பலரும் அதன் சொர்க்கவிலாசம் என்னும் பகுதியின் குவிமாடத்தையும் இரவு நேர ஒலி-ஒளிக் காட்சியையும் வியந்திருக்கிறார்கள். அந்த வியப்பு எனக்கும் உண்டு. ஆயினும், அந்த அரண்மனையின் உண்மையான பரப்பை எனக்கு உணர்த்தியது பத்துத்தூண் சந்துதான்.

விளக்குத்தூணுக்கு அருகில், இருபுறமும் ஜவுளிக்கடைகள் நெருக்கும் அந்தச் சந்தில், தாங்குவதற்கு மேற்கூரை ஏதுமின்றிப் பத்துப் பெருந்தூண்கள் நிற்கின்றன. கடைப் பலகைகளுக்கும் மின்கம்பிகளுக்கும் மேலாக அண்ணாந்து பார்த்தால்தான் அவற்றின் உச்சி தெரியும். துணி வாங்கப் போன நான், கூட்டம் இடித்துக்கொண்டு கடப்பதையும் மறந்து நின்றுவிட்டேன். "துணியைப் பாக்குறவங்கதான் அதிகம் தம்பி, தூணைப் பாக்குறவங்க கொஞ்சம்தான்" என்றார் கடையிலிருந்த பெரியவர்.

1636ஆம் ஆண்டில் திருமலை நாயக்கர் எழுப்பிய அரண்மனை, சொர்க்கவிலாசம், ரங்கவிலாசம் என்னும் இரு பெரும் பகுதிகளைக் கொண்டிருந்தது. நாம் இன்று நுழைவுச்சீட்டு வாங்கிக் காண்பது மொத்தத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே. ரங்கவிலாசத்தின் எச்சமாகச் சொல்லப்படுபவை இந்தத் தூண்கள். பேரர் சொக்கநாத நாயக்கர் திருச்சிராப்பள்ளியைத் தலைநகராக்கியபோது, அங்கே தமக்கொரு மாளிகை கட்ட இங்கிருந்த மரவேலைப்பாடுகளையும் கற்களையும் பெயர்த்துச் சென்றார் என்று கூறுவர். எஞ்சியதும் சரிந்துகொண்டிருந்த நிலையில், 1866 முதல் 1872 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு பழுதுபார்க்கச் செய்தார். அவர் அக்கறை காட்டியிராவிட்டால் சொர்க்கவிலாசமும் இந்தத் தூண்களைப் போலவே ஆகியிருக்கும் என்பது என் எண்ணம்.

அதன்பின் மகாலுக்குள் சென்றபோது என் பார்வையே மாறியிருந்தது. சுண்ணாம்புடன் முட்டையின் வெண்கருவைச் சேர்த்து மெழுகியதாகச் சொல்லப்படும் சுதைப்பூச்சு, கை படும் உயரம் வரை காதலர் பெயர்களாலும் ஊர்ப் பெயர்களாலும் கீறப்பட்டிருப்பதைக் கண்டு மனம் மிகவும் நொந்தது. முக்கால் பங்கை இழந்தபின் மிஞ்சிய கால் பங்கு இது. இதிலும் ஆணியால் கீறுவதற்கு எப்படித்தான் மனம் வருகிறதோ!

மதுரைக்குச் செல்பவர்கள் முதலில் பத்துத்தூணைப் பார்த்துவிட்டு, மகால் தெருக்கள் வழியாக அரண்மனைக்கு நடந்தே போகுமாறு கேட்டுக்கொள்கிறேன். கடைகள் திறக்குமுன் காலையில் சென்றால், தூண்களை அடி முதல் முடி வரை நின்று பார்க்க இடம் கிடைக்கும்.