17 வருட சர்வீஸ், 46 வயது: டெட் தாள் 1 மட்டும் போதுமா?

மலைப்பள்ளி டீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். நான் இடைநிலை ஆசிரியை. ஈரோடு மாவட்டத்துத் தாளவாடி மலையில் ஓர் ஈராசிரியர் பள்ளி. 1999-ல் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்தேன். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து, பதிவு மூப்புப்படி 2008-ல் வேலை கிடைத்தது. ஓய்வுக்கு இன்னும் 14 வருடம் இருக்கிறது.

2025 செப்டம்பர் 1-ல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு உங்களுக்கெல்லாம் தெரிந்திருக்கும். ஓய்வுக்கு ஐந்து வருடத்துக்கு மேல் இருப்பவர்கள் இரண்டு வருடத்துக்குள் ஆசிரியர் தகுதித் தேர்வில், அதாவது டெட்டில், தேற வேண்டும், இல்லையென்றால் வேலையை விட வேண்டும். 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் பதவி உயர்வுக்குத்தான் டெட் வேண்டும், இருக்கிற வேலையில் தொடர வேண்டியதில்லை என்று சொன்னபோது நிம்மதியாக இருந்தேன். எனக்குத் தலைமை ஆசிரியர் பதவி மேல் ஆசை இருந்ததே இல்லை. ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புகள் என்னிடம். நான்கும் ஐந்தும் தலைமை ஆசிரியரிடம். அதுவே எனக்குப் பிடித்த ஏற்பாடு.

தேர்வே கூடாது என்று சொல்ல வரவில்லை. குழந்தைகளிடம் போகிறவருக்குப் பாடம் தெரிந்திருக்க வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் என் வேலையில் பாதி அந்த 150 கேள்விக்குள் வராது. என் ஒன்றாம் வகுப்பில் பதினோரு பேர், அதில் ஏழு பேர் வீட்டில் பேசுவது கன்னடம். ஜூன் மாதம் வந்து உட்காரும்போது 'இங்கே வா' என்றால் கூட முழிப்பார்கள். நான் கன்னடத்தில் கதையை ஆரம்பித்து, தமிழ்ச் சொற்களை ஒவ்வொன்றாக உள்ளே விட்டு, தீபாவளி லீவுக்குள் தமிழில் சண்டை போடும் அளவுக்குக் கொண்டுவந்து விடுவேன். இதை யாரும் எனக்குப் பயிற்சியில் சொல்லித் தரவில்லை. முதல் இரண்டு வருடம் தப்பாகச் செய்து, பிறகு அந்தக் குழந்தைகளின் பாட்டிகளிடம் கன்னடம் கற்றுக்கொண்டு செய்தேன். இதற்கு எந்தத் தாளில் மதிப்பெண்?

சரி, இப்போது கேள்வி. அஞ்சல் வழியில் பி.லிட்., பி.எட். முடித்து வைத்திருக்கிறேன். வேலையில் தொடர தாள் 1 மட்டும் போதுமா? தாள் 2-உம் எழுத வேண்டுமா? இன்னொன்றும் உண்டு, எழுதக் கூச்சமாக இருக்கிறது. உளவியல் பகுதியைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது. படிப்பெல்லாம் முடிந்த பிறகு, குழந்தை உளவியல் அறிஞர் பியாஜே பெயரை இப்போதுதான் மறுபடி பார்க்கிறேன். பத்து புளியங்கொட்டையை நெருக்கி வைத்துவிட்டு, அதே பத்தைப் பரப்பி வைத்தால் 'இது ஜாஸ்தி டீச்சர்' என்று சொல்லும் குழந்தையை எப்படிப் புரியவைப்பது என்று எனக்குத் தெரியும். அந்த நிலைக்கு என்ன பெயர் என்றுதான் தெரியாது.

ஓய்வு பெற்ற விரிவுரையாளர்:

அம்மா, முதலில் உங்கள் கேள்விக்கு. ஒன்று முதல் ஐந்து வரை எடுப்பவர் வேலையில் தொடரத் தாள் 1 போதும். தாள் 2 ஆறு முதல் எட்டு வரை எடுப்பவர்களுக்கானது. பிற்காலத்தில் பட்டதாரி ஆசிரியராகப் பதவி உயர்வு வேண்டும் என்று மனம் மாறினால் அப்போது எழுதிக்கொள்ளலாம். ஒரு தடவை தேறினால் சான்றிதழ் ஆயுள் முழுக்கச் செல்லும். ஏழு வருடம் என்று இருந்ததை 2021-ல் மாற்றிவிட்டார்கள்.

இந்த அடி எங்கிருந்து வந்தது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். டெட்டைக் கட்டாயமாக்கிய ஆசிரியர் கல்விக்கான தேசியக் குழுமத்தின் அறிவிக்கை 2010 ஆகஸ்ட் 23-ல் வந்தது. அதற்கு முன்னால் முறைப்படி நியமனம் பெற்றவர்களுக்கு அதிலேயே விலக்கு இருந்தது. நீங்கள் இத்தனை வருடம் நம்பியது அதைத்தான், அது உங்கள் தவறு இல்லை. இப்போது நீதிமன்றம் கல்வி உரிமைச் சட்டத்தின் 23-ஆம் பிரிவையும், 2017-ல் செய்த திருத்தத்தையும் சேர்த்துப் படித்து, அந்த விலக்கு நிற்காது என்று சொல்லிவிட்டது. தமிழ்நாடு அரசு மறுசீராய்வு மனு போட்டிருக்கிறது. அதன் முடிவுக்காகப் புத்தகத்தைத் திறக்காமல் இருந்துவிடாதீர்கள். இரண்டு வருடம் வேகமாக ஓடிவிடும்.

அப்புறம் அந்தப் புளியங்கொட்டை. நீங்கள் தெரியாது என்று சொன்னதைத்தான் நான் முப்பது வருடம் கரும்பலகையில் எழுதிப் போட்டேன். பரப்பி வைத்தாலும் எண்ணிக்கை மாறாது என்ற புரிதல் இன்னும் வராத அந்தக் குழந்தை, பியாஜே கணக்கில் மனச் செயல்பாட்டுக்கு முந்தைய நிலையில் இருக்கிறது. ஏறக்குறைய இரண்டு முதல் ஏழு வயது. என் மாணவர்கள் பெயரை மனப்பாடம் செய்துவிட்டு, பிறகு குழந்தையைத் தேடிப் போவார்கள். நீங்கள் குழந்தையிடமிருந்து பெயருக்கு வாருங்கள். உளவியலுக்கு 30 கேள்வி. ஒவ்வொரு கோட்பாட்டையும் படிக்கும்போது உங்கள் வகுப்பில் ஒரு முகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மறக்காது.

2013-ல் தேறியவன்:

டீச்சர், உங்கள் பதிவைப் படித்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்து எழுதுகிறேன். முதலில் கோபம்தான் வந்தது. நான் 2013 ஆகஸ்டில் தாள் 2 எழுதி 94 வாங்கினேன். அதற்குப் பிறகு வெயிட்டேஜ், அதாவது பழைய படிப்பு மதிப்பெண்களையும் கூட்டித் தரவரிசை போடும் முறை, வந்தது. என் பிளஸ் டூ மதிப்பெண்ணையும் சேர்த்துப் பார்த்ததில் பின்னால் போய்விட்டேன். 2018-ல் அரசாணை 149 வந்தது. டெட் தேறினாலும் நியமனத்துக்குத் தனியாக இன்னொரு போட்டித் தேர்வு என்று ஆகிவிட்டது. பன்னிரண்டு வருடமாகத் தனியார் பள்ளியில் இருக்கிறேன். தேறிய எங்களுக்கு வேலை இல்லை, வேலையில் இருப்பவர்கள் தேர்வுக்கு அழுகிறார்கள் என்று தோன்றியது. மன்னித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அந்தக் கன்னடக் குழந்தைகள் விஷயத்தைப் படித்ததும் நிறுத்திவிட்டேன். என் 94-ஐ வைத்துக்கொண்டு அந்த வகுப்பில் போய் நின்றால் எனக்கு ஒன்றும் ஓடாது.

உபயோகமாக ஒன்று சொல்கிறேன். தாள் 1-ல் ஐந்து பகுதி: உளவியல், தமிழ், ஆங்கிலம், கணக்கு, சூழ்நிலையியல். ஒவ்வொன்றும் 30. தப்புக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள், அதனால் ஒரு கேள்வியையும் விடாதீர்கள். 2012 ஜூலையில் முதல் தடவை வைத்தபோது நேரம் ஒன்றரை மணிதான், ஆறரை லட்சம் பேருக்கு மேல் எழுதி இரண்டாயிரத்து ஐந்நூறு பேர்கூடத் தேறவில்லை. அந்தக் கதையைச் சொல்லிப் பயமுறுத்துவார்கள். இப்போது மூன்று மணி நேரம். கணக்கில் எட்டாம் வகுப்பு வரை படியுங்கள். சமச்சீர் புத்தகம் பழசு, புதுப் புத்தகத்தையே எடுங்கள்.

பி.எட். முதலாம் ஆண்டு:

சார், நடுவில் ஒரு சந்தேகம். பி.எட். முடித்துவிட்டு நான் தாள் 1 எழுதலாமா? பி.எட்.டையே மறுபடி ஒரு வருடம் ஆக்கப் போகிறார்கள் என்கிறார்களே?

ஓய்வு பெற்ற விரிவுரையாளர்:

தம்பி, பி.எட்.டை வைத்துத் தொடக்கப் பள்ளி ஆசிரியர் ஆக முடியாது என்று 2023 ஆகஸ்ட் 11-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதற்குத் தொடக்கக் கல்விப் பட்டயம்தான் வேண்டும். ஒரு வருட பி.எட். 2025 பிப்ரவரியில் வெளியிட்ட வரைவு விதிகளில் இருக்கிறது. நான்கு வருடப் பட்டம் அல்லது முதுகலை முடித்தவர்களுக்கு மட்டும். 2015-ல் இரண்டு வருடமாக்கியபோது பள்ளியில் இருக்கும் நாட்கள் கூடும் என்பதற்காகவே நான் அதை வரவேற்றேன். ஒரு வருடமோ இரண்டு வருடமோ, மாணவ ஆசிரியர் பள்ளியில் எத்தனை வாரம் நிற்கிறார் என்று அந்த விதியில் தேடிப் பாருங்கள். நான் முதலில் தேடுவது அந்த வரியைத்தான்.

மலைப்பள்ளி டீச்சர்:

சார், ரொம்ப நன்றி. தாள் 1 எழுதுகிறேன். தாள் 2 பற்றி விசாரித்தேன். தமிழ் படித்தவர்களும் கணக்கு-அறிவியலிலோ சமூக அறிவியலிலோ 60 மதிப்பெண்ணுக்கு எழுத வேண்டுமாம். தமிழாசிரியருக்கு அது நியாயமாகப் படவில்லை. அதைப் பிறகு பார்த்துக்கொள்கிறேன்.

2013-ல் தேறிய தம்பி, நீங்கள் மன்னிப்பு கேட்க வேண்டாம். எங்கள் ஒன்றியத்திலேயே ஒற்றை ஆசிரியர் வைத்து ஓடுகிற பள்ளி எனக்குத் தெரியும். நீங்கள் வரவேண்டிய இடம் அது. சங்கக் கூட்டத்தில் எங்கள் கோரிக்கையோடு உங்கள் நியமனத்தையும் சேர்த்துப் பேசச் சொல்லப் போகிறேன். தனித்தனியாகப் பேசினால் நம்மை ஒருவருக்கு எதிராக ஒருவர் நிறுத்திவிடுவார்கள்.

நேற்று இரவு எட்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை எடுத்தேன். என் மகள் ஒன்பதாவது படிக்கிறாள், அவள்தான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தாள். கணக்கு வந்துவிடும். ஆங்கிலம்தான் கஷ்டம். தேர்வு மையம் ஈரோடு என்றால் திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவு இறங்கிப் போக வேண்டும், அதனால் முதல் நாளே போய்த் தங்குவேன். ஆங்கில இலக்கணத்துக்குத் தமிழில் விளக்கம் உள்ள குறிப்பு யாரிடமாவது இருந்தால் இங்கே போடுங்கள். பள்ளியில் நெட் வராது, சாயங்காலம் வீட்டுக்கு வந்துதான் பார்ப்பேன்.